பூசி மெழுகுவதா, செப்பனிடுவதா?

ஒரு காட்சியை மனக்கண்முன் நிறுத்துவோம். இங்கிலாந்தில் ஒரு சிறு நகரம். வீட்டை ஒட்டிய கார்க் கொட்டகை. உதிரித் தொகுப்பாக விற்கப்படும் கார் ஒன்றை ஒருவர் பல ஆண்டுச் சேமிப்பைக் கொண்டு வாங்கியிருக்கிறார். இரும்புக் குழாய்களால் ஆன அடிச்சட்டம் வந்துவிட்டது. கண்ணாடியிழையால் வார்க்கப்பட்ட மேற்கூடும் வந்துவிட்டது. கூட்டை அடிச்சட்டத்தின்மேல் இறக்கி வைத்து, கதவை அதன் வாயிலில் பொருத்திப் பார்க்கிறார். மேல்விளிம்பில் மூன்று மில்லிமீட்டர் இடைவெளி, கீழ்விளிம்பிலோ ஒன்பது. கீழ்மூலை கூட்டின் மட்டத்தைவிட ஒரு விரற்கடை வெளியே துருத்தி நிற்கிறது. பானட்டும் அப்படியே: ஒரு பக்கம் உரசுகிறது, மறுபக்கம் வாய் பிளந்து கிடக்கிறது.

இது யார் செய்த பிழை? நிச்சயமாக அவர் செய்ததன்று. இனி இதைச் சரிசெய்வது யாருடைய வேலை? அவருடையதேதான். இந்த இரண்டு விடைகளும் ஒரே மனிதரின் உள்ளத்தில் ஒருங்கே குடியேறும்போது எழுகின்ற கசப்பை நாம் அனைவரும் அறிவோம். கார் கட்டும் பொழுதுபோக்கு நமக்கு அறிமுகமில்லாதது. ஆயினும், நாம் செய்யாத கோணலை நிமிர்த்த வேண்டிய நிலை நமக்கு மிகவும் அறிமுகமானது. எனவே, அந்தக் கொட்டகையில் சிறிது நேரம் நின்று சிந்திப்போம்.

ஒரு காரும் அதன் நகல்களும்

இவ்வாறு நகலெடுக்கப்படும் கார்களுள் முதன்மையானது 'கோப்ரா'. டெக்சாஸைச் சேர்ந்த கேரல் ஷெல்பி, 1959ஆம் ஆண்டு ராய் சால்வடோரியுடன் சேர்ந்து பிரான்சின் லே மான் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றவர். இதய நோயால் பந்தயத்தை விட்டு விலகியபின், 1961ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சரே மாவட்டத்தில் தேம்ஸ் டிட்டன் என்னும் ஊரில் இயங்கிய ஏ.சி. நிறுவனத்திற்கு அவர் கடிதம் எழுதினார். அவர்களுடைய இலேசான காரில் அமெரிக்க வி-8 எந்திரத்தைப் பொருத்தலாமே என்பது அவர் யோசனை. அடுத்த ஆண்டே அது ஃபோர்டு எந்திரத்துடன் உருப்பெற்றது. அந்தக் காரின் மேற்கூடு அலுமினியத் தகடு. கைவினைஞர்கள் தட்டித் தட்டி வளைத்தெடுத்தது. அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய ஆயிரம் கார்களே செய்யப்பட்டன. அவற்றுள் முதலாவது கார் 2016ஆம் ஆண்டு அமெரிக்காவில் நடந்த ஏலத்தில் ஒரு கோடியே 37 இலட்சத்து 50 ஆயிரம் டாலருக்கு விலைபோனது.

சாதாரண மனிதர் எட்டிப் பிடிக்கக்கூடிய விலையா அது? எனவேதான் நகல்கள் பிறந்தன. காரை உதிரிகளாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் வழக்கம் பிரித்தானியாவில் ஏற்கனவே வேரூன்றியிருந்தது. முழுமையான புதுக் காருக்கு விதிக்கப்பட்ட கொள்முதல் வரி உதிரித் தொகுப்புக்கு இல்லை என்பது அதற்கு ஒரு காரணம். 1957ஆம் ஆண்டு வந்த 'லோட்டஸ் செவன்' அவ்வாறு வாங்கிப் பூட்டப்பட்ட கார்தான். 1973ஆம் ஆண்டு அந்த வரி போய் மதிப்புக்கூட்டு வரி வந்தபின் இச்சலுகை மறைந்தது. வழக்கமோ மறையவில்லை, தன் கையால் ஒன்றைச் செய்து முடிக்கும் ஆசைக்கும் வரிச்சலுகைக்கும் தொடர்பில்லை போலும்.

அலுமினியத்தைத் தட்டி வளைக்கும் கைத்திறன் அரிது, செலவும் மிகுதி. கண்ணாடியிழையோ அச்சில் வார்க்கப்படுவது. 1953ஆம் ஆண்டின் முந்நூறு 'கார்வெட்' கார்களும் கண்ணாடியிழைக் கூட்டுடன்தான் அமெரிக்காவில் வெளிவந்தன. துருப்பிடிக்காது, எடை குறைவு, சிறு பட்டறையிலும் செய்யலாம். நகல் செய்வோர் அதை விரும்பி ஏற்றதில் வியப்பில்லை.

பிழை பிறக்கும் வழி

அச்சின் உட்புறத்தில் முதலில் மெழுகு பூசுவார்கள். அதன்மேல் ஜெல்கோட் எனப்படும் வழவழப்பான மேற்பூச்சு. அது சற்று இறுகியதும் கண்ணாடியிழைப் பாயை விரித்து, பிசினைத் தூரிகையால் ஊட்டி, காற்றுக்குமிழி தங்காதபடி உருளையால் அழுத்துவார்கள். பிசினோடு நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு பங்கு கெட்டிப்படுத்தும் திரவம் கலந்திருக்கும். அது பிசினைச் சூடேற்றி இறுகச் செய்கிறது. இறுகும்போது பிசின் சுருங்குகிறது.

இங்கேதான் கோணல் நுழைகிறது. பாய் ஓரிடத்தில் தடித்தும் ஓரிடத்தில் மெலிந்தும் படிந்தால் சுருக்கமும் ஏறுமாறாகிறது. அடுத்த வேலைக்காக அச்சை விரைவில் காலி செய்ய எண்ணி, முழுதும் இறுகுமுன் பாகத்தை உருவிவிட்டால், அது சுவரோரம் சாய்த்து வைத்த நிலையிலேயே மெல்ல முறுக்கிக்கொள்கிறது. பல ஆண்டு உழைத்த அச்சு தானே தேய்ந்து வளைகிறது. இன்னொருவர் செய்த நகலின்மேலேயே புதிய அச்சு எடுப்போரும் உண்டு. அப்போது முதல் நகலின் பிழை முழுதாக அடுத்ததற்கு இறங்குகிறது, புதுப் பிழையையும் உடன் சேர்த்துக்கொண்டு.

இதைப் படிக்கும்போது நாம் ஒன்றைக் கவனிக்கிறோம். ஒன்பது மில்லிமீட்டர் பிளவுக்கு ஒரே ஒரு குற்றவாளியைக் கண்டுபிடிப்பது எளிதன்று. ஒருவரின் அவசரம், ஒரு கருவியின் முதுமை, ஒரு நாளின் வெப்பம், முன்னோர் ஒருவரின் கவனக்குறைவு ஆகிய யாவும் அதில் கலந்திருக்கின்றன. நம் குடும்பங்களில் வழிவழியாக வரும் கோணல்களும் பெரும்பாலும் இப்படித்தான் பிறக்கின்றன. தந்தையின் முன்கோபத்தை மகனும், அவனிடமிருந்து பேரனும் அச்சாக எடுத்துக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தலைமுறையும் தன் பங்குக்குச் சிறிது சேர்த்துவிடுகிறது.

குற்றமும் பொறுப்பும்

'நான் செய்யாத பிழையை நான் ஏன் திருத்த வேண்டும்?' என்னும் கேள்வி நியாயமானதே. அதை அலட்சியமாக ஒதுக்கிவிடக் கூடாது. பணம் வாங்கிக்கொண்டு பொருந்தாத பாகத்தைக் கொடுத்தவரிடம் நியாயம் கேட்பது கடமை. எழுதிக் கேட்கலாம், மாற்றித் தரச் சொல்லலாம், பணத்தைத் திரும்பக் கோரலாம். பொறுமை என்னும் பெயரால் அநீதியை விழுங்கிக்கொள்வது அறமாகாது; அடுத்து வாங்குபவருக்கும் அது தீங்கே செய்யும்.

ஆனால், நியாயம் கேட்டு முடித்த பின்னும் கதவு அங்கேயே நிற்கிறது. மாற்றி வந்த கதவும் அதே அச்சில் வார்த்ததாக இருக்கலாம். நமக்குச் சேர வேண்டிய நியாயம் முழுதும் கிடைத்தாலும் ஒரு மில்லிமீட்டர்கூட அதனால் குறைவதில்லை. ஆகவே, குற்றம் என்பதையும் பொறுப்பு என்பதையும் நாம் வேறுபடுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. குற்றம் நடந்து முடிந்ததை நோக்குகிறது: யார் செய்தது? பொறுப்பு இனி நடக்க வேண்டியதை நோக்குகிறது: யார் கையில் இருக்கிறது? முன்னதற்கு விடை சொல்ல முடியாதபோதும் பின்னதற்கு விடை தெளிவாகவே இருக்கும்.

அடித்தளம் சரியில்லாத மாணவர்களைப் பெறும் ஆசிரியர், கீழ்வகுப்பில் கற்பித்தவரைக் குறைகூறியே ஓர் ஆண்டைக் கடத்திவிடலாம். அவர் கூறும் குறை முற்றிலும் உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஓர் ஆண்டு திரும்பி வராது. சரியாகக் குற்றம் சாட்டினோம் என்னும் நிறைவு, நாம் செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருப்பதற்கு நம் மனச்சான்று நமக்கே எழுதிக் கொடுக்கும் விடுப்புச் சீட்டாகிவிடுகிறது. அதுவே இதிலுள்ள ஆபத்து.

பட்டி என்னும் சோதனை

பொறுப்பை ஏற்றுக்கொண்டவருக்கு உடனே அடுத்த சோதனை வருகிறது. நம் ஊர் டிங்கரிங் பட்டறைகளில் 'பட்டி பார்ப்பது' என்பார்களே, அதே பட்டிதான். பிளவில் அப்பி, உப்புத்தாள் கொண்டு தேய்த்து, பளபளக்கும் சாயத்தைப் பூசிவிட்டால் ஒரே வாரத்தில் கோணல் கண்ணுக்கு மறைந்துவிடும். பூசி மெழுகுதல் என்று நம் மொழி இதைத்தான் சொல்கிறது.

ஆனால் பட்டிக்குள் இழை இல்லை. மெல்லிய பூச்சாக இருக்கும்வரை அது நிற்கும். தடிமனாக அப்பினால் வெடிக்கும். கதவு நாள்தோறும் அறைந்து மூடப்படுகிறது. சாலையின் ஒவ்வொரு குழியிலும் கூடு சற்றே முறுக்கி நிமிர்கிறது. விளிம்பில் அப்பிய பட்டி முதலில் மயிரிழையாகக் கீறும். பிறகு சாயத்தோடு உதிரும். அதுவரை அதைச் சுமந்த கதவோ உள்ளே பழைய கோணலோடு அப்படியே இருக்கும்.

செப்பனிடுவோர் செல்லும் வழி வேறு. அவர்கள் கதவில் தொடங்குவதில்லை. காரைத் தன் சக்கரங்களின்மேல், தன் எடையோடு நிறுத்தி, அடிச்சட்டத்தை ரசமட்டம் வைத்துச் சமன் பார்க்கிறார்கள். பிறகு கூடு அதன்மேல் முறுக்கின்றி அமர்ந்திருக்கிறதா என்று பார்க்கிறார்கள். ஒரு தாங்கியில் சில மில்லிமீட்டர் தகடு வைத்து உயர்த்தியதுமே, கதவின் கோணல் என்று நாம் நினைத்ததில் பாதி மறைந்துபோவதுண்டு. கதவு குற்றமற்றது, அதன் வாயில்தான் முறுக்கியிருந்தது! ஒரு பிள்ளையின் நடத்தையில் தெரியும் கோணலுக்கு, அந்த வீடு அமர்ந்திருக்கும் விதத்தில் காரணம் இருப்பதை நாம் எத்தனை முறை காணத் தவறியிருக்கிறோம்!

அதன்பின் கதவுகள், பிறகே பானட்டும் டிக்கியும். கீல்களை நகர்த்திப் பார்க்க வேண்டும். முறுக்கிய பாகத்தைச் சரியான நிலையில் கட்டையும் ஆப்பும் கொண்டு பிணைத்து, வெப்பத்தில் பல நாள் வைத்தால் சிறிது இணங்கி வரலாம். இணங்காவிட்டால், உட்புற மடிப்பில் கீறல்கள் வெட்டி, இறுக்கத்தை விடுவித்து, வேண்டிய வடிவில் பிடித்துக்கொண்டு, பின்பக்கம் புதிய இழைப்பாயும் பிசினும் இட்டுப் பிணைக்க வேண்டும். தகட்டைப்போல் கண்ணாடியிழையைச் சுத்தியலால் தட்டித் திருத்த இயலாது. தட்டினால் மேற்பூச்சு நட்சத்திரம்போல் வெடிக்கும். வன்முறைக்கு அது வசப்படுவதில்லை.

இடைவெளி அகன்ற இடத்தில் விளிம்பையே வளர்க்க வேண்டும். எதிர்விளிம்பில் ஒட்டுநாடா ஒட்டி மெழுகிட்டு, கதவின் விளிம்பில் இழையும் பிசினும் சேர்த்து வளர்த்து, இறுகியபின் அளவாகத் தேய்ப்பார்கள். ஆனால், அதற்கு முன் பழைய பரப்பை அரைத்துச் சொரசொரப்பாக்க வேண்டும். நன்கு இறுகிப்போன பழைய பிசினோடு புதுப் பிசின் தானாகக் கலந்து ஒன்றாகாது. கீறல்களுக்குள் இறங்கிப் பற்றிக்கொண்டால்தான் நிற்கும். வழவழப்பின்மேல் ஒட்டியது உரிந்துவிடும். நம் சமாதானப் பேச்சுகள் பல ஏன் ஒட்டுவதில்லை என்பதும் இதனால் ஓரளவு விளங்குகிறது. நடந்ததைத் தொடாமல், கரடுமுரடான பழைய பரப்பை வெளிப்படுத்தாமல், இனிய சொற்களை மட்டும் மேலே அப்புகிறோம்.

பட்டியே கூடாது என்பதன்று. எல்லாம் முடிந்தபின், நுண்ணிய பள்ளங்களை நிரவ மெல்லிய பட்டி வேண்டும். அதன் இடம் கடைசியில். அதன் அளவு சிறிது. இன்சொல்லுக்கும் நல்லுறவுகளில் அப்படியோர் இடம் உண்டு.

இன்னொன்றும் உண்டு. இடைவெளியே இல்லாமல் செய்வது செப்பமன்று. சாயம் ஏறும்போது இடைவெளி குறுகும். ஓடும்போது கூடு அசையும். இடமில்லாத கதவு உரசிச் சாயத்தை உரிக்கும், அல்லது திறக்கவே மறுக்கும். நான்கைந்து மில்லிமீட்டர் இடைவெளி, சுற்றிலும் ஒரே சீராக: அதுவே நல்ல பொருத்தம். ஒருவரோடொருவர் வாழ்வதிலும் சீரான சிறு இடைவெளி வேண்டும் என்பதை, நெருங்கி வாழ்ந்து உரசிக்கொண்டவர்கள் அறிவார்கள்.

அறியாதவரின் கை

இத்தனை உழைப்பும் அழகுக்கு மட்டுந்தானா? இல்லை. சரியாகப் பொருந்தாத கதவின் பூட்டு முழுதாகப் பற்றாது. வளைவில் திரும்பும்போது அது திறந்துகொண்டால் உள்ளிருப்பவரின் உயிரே பணயம். துருத்தும் விளிம்போ வெளியே நடப்பவரைக் கிழிக்கும். பிரித்தானியாவில் இத்தகைய கார்களைத் தனித்தனியே தேர்வு செய்யும் முறை 1998ஆம் ஆண்டு வந்தது. 2009ஆம் ஆண்டு முதல் அது இன்னும் விரிவான தேர்வாயிற்று. வெளியே துருத்தி நிற்கும் விளிம்பு கூராக இருக்கலாகாது. பொதுவாகக் குறைந்தது 2.5 மில்லிமீட்டர் ஆரமுள்ள வளைவாக அது மழுங்கியிருக்க வேண்டும் என்பது அதன் விதிகளுள் ஒன்று.

இந்த 2.5 மில்லிமீட்டர் யாருக்காக? காரின் சொந்தக்காரருக்காக அன்று. என்றோ ஒரு நாள், ஏதோ ஒரு தெருவில், அந்தக் காரின்மேல் மோத நேரும் முகமறியாத ஒருவருக்காக. நாம் பெயரறியாத அவருடைய தோலுக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்று ஒரு சட்டம் மில்லிமீட்டர்க் கணக்கில் எழுதி வைத்திருக்கிறது. 'என் பொருள், என் கொட்டகை, என் விருப்பம்' என்னும் வாதம் இந்த விளிம்பில் வந்து முடிகிறது. கண்ணாடியிழையை அரைக்கும்போது எழும் தூளும் அவ்வாறே. அரைப்பவர் சுவாசக் கவசம் அணிந்தால் மட்டும் போதாது, அது வீட்டுக்குள் புகாதபடி காப்பதும் அவருடைய கடமையே.

நகலுக்கு நேர்மை உண்டா?

இங்கே ஒருவர் கேட்கலாம்: 'ஒரு போலிக்கு இவ்வளவு நேர்மையா? நகல் செய்வதே ஏமாற்றல்லவா?' இக்கேள்விக்கு அந்தக் காரின் வரலாறே விடை தருகிறது. 1990களின் தொடக்கத்தில், 1960களில் செய்து எஞ்சிய அடிச்சட்டங்களைக் கொண்டவை என்று கூறி ஷெல்பியே சில கோப்ரா கார்களை முன்வைத்தார். அந்த அடிச்சட்டங்கள் புதிதாகச் செய்யப்பட்டவை என்று 1993ஆம் ஆண்டு 'லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ்' நாளிதழ் வெளிப்படுத்தியது. அசலைப் படைத்தவர் பெயராலேயே அசலல்லாத ஒன்று அசலாக நடமாட முடியும் என்பதை உலகம் கண்டது. மறுபுறம், பல வண்டிகளின் உறுப்புகளால் ஆகி, வயது அறுதியிட முடியாத கார்களுக்குப் பிரித்தானியாவில் 'க்யூ' என்னும் எழுத்தில் தொடங்கும் பதிவெண் தருகிறார்கள். கொட்டகையில் பிறந்த எளிய நகல் பலவும் அந்த எழுத்தைத் தாங்கி, தன் பிறப்பை மறைக்காமல் சாலையில் ஓடுகிறது.

ஆகவே, பொய் வடிவத்தில் இல்லை. நாம் அதைக் குறித்துச் சொல்லும் சொல்லில் இருக்கிறது. 'இது நகல்' என்று சொல்லும் நகல் உண்மையானது. காரை விற்கும் நாளில், எந்தக் கதவை வெட்டிப் பிணைத்தோம், எந்த விளிம்பை வளர்த்தோம் என்று வாங்குபவருக்குச் சொல்லிவிட்டால் செப்பனிட்ட வேலை முழுமை பெறுகிறது. சொல்லாமல் விட்டால், எவ்வளவு திறமையான வேலையும் மீண்டும் பூசி மெழுகலாகவே முடிகிறது.

இன்னும் கடினமான கேள்வி ஒன்று எஞ்சுகிறது. உலகில் இத்தனை தேவைகள் இருக்க, ஒரு விளையாட்டுப் பொருளுக்கு நூற்றுக்கணக்கான மணி நேரம் செலவிடலாமா? இதற்கு எளிய விடை சொல்லி நாம் தப்பிக்க விரும்பவில்லை. கை உழைப்பு மனிதரைப் பொறுமையில் பழக்கும் என்பது உண்மை. கொட்டகையில் விளக்கு எரிய, வீட்டுக்குள் மனைவியும் மக்களும் அவருக்காகக் காத்திருந்து உறங்கிப்போனால், அதுவும் ஒரு பொருத்தக்கேடு என்பதும் உண்மை. கதவின் இடைவெளியை அளந்த அதே கண்ணால் வீட்டின் இடைவெளியையும் அவர் அளந்து பார்க்க வேண்டும். அங்கே பிளவு அகன்றிருந்தால், உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போவதே அன்றைய செப்பனிடும் வேலை.

மாதங்கள் கடந்தபின், ஒரு மாலையில் அவர் கதவை மூடிப் பார்க்கிறார். அது உரசாமல், அறையாமல் சென்று பூட்டில் பற்றுகிறது. அந்தக் கதவைக் கோணலாக வார்த்தவர் இதை ஒருபோதும் அறியப்போவதில்லை. நன்றி சொல்ல எவரும் இல்லை. ஆனால், அடுத்து அதன் இருக்கையில் அமர்பவர் அச்சமின்றி அமர்வார்.

நாளை காலை நம் வீட்டிலோ பணியிடத்திலோ நாம் செய்யாத ஒரு கோணல் நம் கைக்கு வந்து சேரலாம். அப்போது கேட்க வேண்டிய நியாயத்தைக் கேட்போம். கேட்டபின் ரசமட்டத்தை எடுப்போம். கதவைத் தொடுமுன் அடிச்சட்டத்தைப் பார்ப்போம்.